கூடை எடை

முன்னூற்றுப் பன்னிரண்டு தலைக்கட்டு.
தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு.
முதுநகர் பங்கில் சீட்டைக் காட்டினால்
பத்து லிட்டர் டீசல் ஊற்றுவான்.
குடிக்கிறவர்களுக்கு முள்ளோடையிலிருந்து
ராத்திரியோடு ராத்திரியாக வந்த பெட்டிகள்.
நான் கேட்கவில்லை.
வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
பிளெக்ஸில் என் மீசைக்குக் கறுப்படித்து
‘நீதியின் நங்கூரமே’ என்று போட்டிருந்தான் தேசிங்கு.
அவனுக்கு மூன்று விசைப்படகு.
எனக்கு நாற்பத்தோரு ஓட்டு அதிகம்.
நாட்டார் ஆனேன்.

ஐந்தாம் மாதம் பூமயில் வந்தாள்,
அறுந்த வலையைக் குழந்தைபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு.
‘தேசிங்கு போட்டு இழுத்துட்டுப் போயிடுச்சு.
எண்பத்தி நாலாயிரம். இன்னும் தவணை முடியல.’

கைம்பெண் வீட்டுக்கு அரை வரி. ஓட்டு கிடையாது.
ஓட்டு இல்லாததால் சீட்டும் இல்லை.
கோயில் முன்னால் கூடிய அத்தனை பேரில்
டீசல் வாசனை படாத கை
அவளுடையது மட்டும்தான்.

நான் ஒழுங்காகத்தான் விசாரித்தேன்.
படகின் ஜிபிஎஸ்ஸைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன்.
டிரைவரைத் தனியாக, அவள் மகனைத் தனியாக.
மிதவை விளக்கில் பேட்டரி செத்திருந்தது,
பையனே ஒத்துக்கொண்டான்.
அன்றைக்கு நீவாடு வடக்கே கடுமையாக இழுத்தது.
வலை தன் இடம் விட்டு அரை மைல் நகர்ந்து
கல்பாரில் சிக்கிக் கிழிந்திருந்தது.
தேசிங்கின் படகு அந்நேரம் அந்தப் பக்கமே இல்லை.
மூன்று ராத்திரி கணக்குப் போட்டேன்.
மூன்று ராத்திரியும் அதே விடை.

‘தேசிங்கு மேல் குற்றமில்லை’ என்று
நான் வாய் திறப்பதற்கு முன்பே
கூட்டம் எழுந்து
வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தது.

பூமயில் அழவில்லை. மண் வாரித் தூற்றவில்லை.
கிட்டே வந்து, விலை கேட்கிறவள்போலக் கேட்டாள்:
‘பத்து லிட்டர்தானா நாட்டாரே, இல்ல, மேலயா?’

பொழுது சாய்ந்ததும் தேசிங்கு வந்தான்.
ஐஸ் போட்ட வஞ்சிரம், கை நீளம் இருக்கும்.
‘வாய்விட்டுக் கேக்காமலே செஞ்சுட்டீங்க.’
‘டேய், நீ அறுக்கலடா. அதனாலதான்.’
அவன் முகத்தில் சிரிப்பு நின்றது.
திண்டாடி, தலையைச் சொறிந்து,
ரொம்ப மெதுவாக,
‘நெசமாவா? நான் அறுக்கலியா?’

மீனை எடுத்துப்போகச் சொன்னேன்.
வாசலில் வைத்துவிட்டுப் போனான்.
ஐஸ் கரைந்து தெருவில் ஒரு கோடாக ஓடியது.
விடிவதற்குள் நாய்கள் பார்த்துக்கொண்டன.

துறைமுகத்து ஏலத்தில்
கூடையை முதலில் வெறுமையாகத் தராசில் வைப்பார்கள்.
‘ரெண்டே கால் கிலோ கூடை, கழிச்சுக்கோ.’
அதற்குப் பிறகுதான் மீன்.
தேர்தலுக்கு முதல் நாள்
என்னை யாரும் வெறுமையாக நிறுத்துப் பார்க்கவில்லை.
இப்போது எதைக் கழிப்பது?
சரியான தீர்ப்பைச் சொன்னவன் நான்தானா,
முதுநகர் பங்கின் மீட்டரா?
எனக்கே நிச்சயமில்லை.

வரும் ஞாயிறு இன்னொரு பிராது,
மறுபடி தேசிங்கு மேல்தான்.
அவனுக்குச் சாதகமாகச் சொன்னால் பழைய டீசல்.
எதிராகச் சொன்னால்
‘நாட்டார் ரேட்டு ஏறிடுச்சு’ என்பார்கள்.

நாற்காலியைப் பக்கத்தூர் நாட்டாருக்கு விட்டுவிட்டு
மணலில் உட்காரப் போகிறேன்.
அதற்கு முன்னால்
முன்னூற்றுப் பன்னிரண்டைப் பத்தால் பெருக்கி,
லிட்டர் விலையால் மறுபடி பெருக்கி,
வந்த தொகையை மைக்கில் வாசிக்க வேண்டும்.
நேற்று ஆள் இல்லாத படகில் ஏறி ஒத்திகை பார்த்தேன்.
முன்னூற்றுப் பன்னிரண்டு வரை
குரல் வந்தது.